குப்பைக்கு மூடி, கழிவிலிருந்தே

அனல்மின் நிலையச் சாம்பலும் இரும்பாலைக் கசடும் களிமண்ணுக்குப் பதிலாகக் குப்பைக் கிடங்குகளை அடைக்க உதவும். அது அடைப்பாக இருக்குமா அல்லது இன்னொரு கழிவைக் கொட்டும் வேலையாக முடியுமா என்பது சோதனைக்கூடத்தை விடக் களத்தில் நடக்கும் வேலையைப் பொறுத்தது.

காலை ஆறரை மணி. பெங்களூர் பிரேசர் டவுனில் மாஸ்க் ரோடு இன்னும் முழுதாக விழிக்கவில்லை. சாலையோரத்தில் முந்தைய இரவு அப்படியே கிடக்கிறது: பிரியாணி ஒட்டிய காகிதத் தட்டுகள், எலும்புகள், தேநீர்க் கோப்பைகள், தர்பூசணித் தோல், எல்லாவற்றுக்கும் மேல் பிளாஸ்டிக் பைகள். ரம்ஜான் மாதம் என்றால் குவியல் இன்னும் உயரமாக இருக்கும். பௌரகார்மிகர்கள் என்று கர்நாடகத்தில் அழைக்கப்படும் துப்புரவுத் தொழிலாளர்கள் பெருக்கிக் குவிக்க, ஆட்டோ டிப்பர்கள் அள்ளிக்கொண்டு போகின்றன. எட்டு மணி வாக்கில் சாலை சுத்தம். கோல்ஸ் பார்க்கில் நடைப்பயிற்சி முடித்துத் திரும்புகிறவர்கள் கண்ணில் எதுவும் படுவதில்லை.

இந்தப் பகுதி பிறந்ததே சுகாதாரத்தின் பெயரால்தான். 1898-ல் பெங்களூரைத் தாக்கிய பிளேக் நோய், நெருக்கமான பழைய குடியிருப்புகள் எவ்வளவு ஆபத்தானவை என்று காட்டியது. அதன் பிறகு கன்டோன்மென்ட் நெரிசலைக் குறைக்க, அகலமான சாலைகளும் காற்றோட்டமும் கொண்ட புதிய விரிவாக்கம் எழுந்தது. அப்போது மைசூரின் பிரிட்டிஷ் ரெசிடென்டாக இருந்த ஸ்டுவர்ட் பிரேசரின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. பிற்பாடு புலிகேசி நகர் என்று பெயர் மாறினாலும், தமிழும் உருதும் கன்னடமும் ஆங்கிலமும் கலந்து ஒலிக்கும் இந்தத் தெருக்களில் பழைய பெயர்தான் புழக்கத்தில் இருக்கிறது.

அன்று நோய்க்குப் பயந்து மனிதர்கள் இடம் மாறினார்கள். இன்று இடம் மாறுவது குப்பை. பெங்களூர் முழுவதிலும் நாளொன்றுக்குச் சுமார் 5,000 டன் சேருகிறது. அதில் ஒரு பகுதி உரமாகிறது, ஒரு பகுதி பழைய பொருள் வியாபாரிகளிடம் போகிறது. மீதி நகரத்துக்கு வெளியே ஏதாவது ஒரு கிராமத்தின் தலையில்தான் இறங்கியாக வேண்டும்.

அந்தக் கிராமங்களின் பெயர்கள் பெங்களூர்வாசிகளுக்கு மனப்பாடம். வடக்கே எலகங்காவைத் தாண்டி மாவள்ளிபுரா. குப்பை லாரிகளைக் கிராமத்தார் தடுத்து நிறுத்த, 2012 ஜூலையில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அந்தக் கிடங்கை மூட உத்தரவிட்டது. அடுத்த சில வாரங்கள் நகரத் தெருக்களில் குப்பை மலையாகக் குவிந்து தேசியச் செய்தியானது. பிறகு பாரம் கிழக்கே மண்டூர் மீது விழுந்தது. 2014 ஜூனில் அங்கும் மக்கள் சாலையில் இறங்கினார்கள். அரசு கெடு கேட்டது. அந்த ஆண்டு டிசம்பர் 1 முதல் மண்டூருக்கு லாரிகள் போவது நின்றது. அதன் பின் வந்தவை பெல்லஹள்ளி, மிட்டகானஹள்ளி போன்ற இடங்களில் உள்ள கைவிடப்பட்ட கல்குவாரிகள். இவை இருப்பது நகரின் வடகிழக்கே. பிரேசர் டவுனிலிருந்து ஹென்னூர் சாலையைப் பிடித்து வடக்கே போனால் எட்டிவிடலாம்.

ஒவ்வொரு ஊரிலும் எழுந்த புகார் ஒன்றுதான். நாற்றத்தையும் ஈயையும்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், தண்ணீர் கெட்டால் எங்கே போவது?

கருப்புத் தண்ணீர்

இந்தியக் குப்பையில் ஏறக்குறைய பாதி ஈரமானது. காய்கறித் தோல், மிஞ்சிய சோறு, இலை, பழம். இவை அழுகும்போது தாமாகவே நீர் விடும். மேலிருந்து மழையும் இறங்கினால், அது குவியலுக்குள் புகுந்து, வழியில் அகப்படுவதையெல்லாம் கரைத்துக்கொண்டு, அடியில் கருப்பு நிறத்தில் வெளியேறும். பொறியாளர்கள் இதை லீச்சேட் என்கிறார்கள். கசிவுநீர் என்று சொல்லலாம். அழுகிய கரிமப் பொருள், அம்மோனியா, உப்புகள், பேட்டரியிலிருந்தும் பெயின்டிலிருந்தும் வரும் உலோகங்கள் எல்லாம் இதில் உண்டு. பெங்களூரின் இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் மாவள்ளிபுராவின் கசிவுநீரைப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்கள். சாதாரணக் கழிவுநீரைவிட அது பல மடங்கு கடுமையானது.

இதற்கு மாற்று உலகெங்கும் ஒன்றுதான். குப்பைக்கு அடியில் ஒரு பாய், மேலே ஒரு மூடி. அடியில் உள்ளது கசிவுநீரை நிலத்தடி நீருக்குப் போகாமல் தடுக்கும். மேலே உள்ளது மழை உள்ளே இறங்காமல் தடுக்கும். எவ்வளவு மழை உள்ளே போகிறதோ அதற்கேற்பத்தான் கசிவுநீர் என்பதால், மூடிக்கு அடிப்பாய்க்குச் சமமான முக்கியத்துவம் உண்டு.

இந்தியாவில் இது 2000-ஆம் ஆண்டிலேயே சட்டமாகிவிட்டது. அந்த ஆண்டு வெளியான நகரத் திடக்கழிவு விதிகள், கிடங்கின் அடியில் 90 செ.மீ. கனத்துக்குக் களிமண் அல்லது பக்குவப்படுத்திய மண், அதன் மேல் 1.5 மி.மீ. தடிமனுள்ள பிளாஸ்டிக் விரிப்பு வேண்டும் என்றன. நிரம்பிய கிடங்கின் மேல் 60 செ.மீ. களிமண், அதன் மேல் மழைநீர் வடிய 15 செ.மீ. அடுக்கு, அதற்கும் மேல் செடி வளர 45 செ.மீ. மண். 2016-ல் வந்த புதிய விதிகளும் இந்த அமைப்பைத் தொடர்ந்தன.

விதியின் உயிர் இருப்பது ஓர் எண்ணில். அந்தக் களிமண் அடுக்கு வழியாகத் தண்ணீர் நொடிக்கு ஒரு செ.மீட்டரில் ஒரு கோடியில் ஒரு பங்கைவிட வேகமாக ஊடுருவக்கூடாது. காகிதத்தில் இது பயமுறுத்தும் கணக்காகத் தெரியலாம். லிட்டரில் சொன்னால் எளிது. அந்த வேகத்தில் ஆண்டு முழுதும் தண்ணீர் இறங்கினாலும் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 31 லிட்டர்தான் உள்ளே போகும். பெங்களூரில் ஆண்டு மழை சராசரி 97 செ.மீ. என்று வைத்தால், அதே சதுர மீட்டரில் விழுவது 970 லிட்டர். அதாவது நல்ல மூடி, முப்பதில் ஒரு பங்கை மட்டுமே உள்ளே விடுகிறது. ஊடுருவும் வேகம் பத்து மடங்கு கூடினால் 310 லிட்டர் வரை இறங்கலாம். நூறு மடங்கு கூடினால் மூடி இருப்பதும் இல்லாததும் ஒன்று. பெய்கிற மழை முழுவதையும் விழுங்க அதற்குத் தெம்பு உண்டு.

கண்ணால் பார்த்தால் இந்த மூன்று மூடிகளுக்கும் வித்தியாசம் தெரியாது. மூன்றும் உருட்டிச் சமன் செய்த தரைதான்.

களிமண்ணுக்கு எங்கே போவது?

ஒரு ஏக்கர் கிடங்கை எடுத்துக்கொள்வோம். மேல் மூடிக்கு 60 செ.மீ. களிமண் என்றால் சுமார் 2,400 கன மீட்டர். ஒரு டிப்பர் லாரி 10 கன மீட்டர் ஏற்றும் என்று கணக்கிட்டால் 240 லோடு. அடியில் விரிக்க இன்னும் 360 லோடு. ஆக, ஒரு ஏக்கர் குப்பையை முறையாக அடைக்க 600 லோடு களிமண் தேவை. நாற்பது ஏக்கர் கிடங்குக்கு 24,000 லோடு.

பெங்களூரைச் சுற்றி இருப்பது செம்மண். கருங்கல் பாறை காலப்போக்கில் சிதைந்து உருவான மண் அது. அதிலுள்ள களிமண் பெரும்பாலும் கயோலினைட் வகை. நனைந்தால் பெரிதாக உப்பி இடைவெளிகளை அடைக்கும் குணம் அதற்குக் குறைவு. நல்ல களி வேண்டுமானால் இரண்டு வழி. ஒன்று, ஏரிப் படுகைகளையும் வயல்களையும் தோண்டுவது. ஏரிகளை இழந்தே வளர்ந்த நகரத்தில் இது ஒரு காயத்தை மறைக்க இன்னொரு காயம். மற்றொன்று, பெண்டோனைட் என்ற உப்பும் களிமண்ணைச் செம்மண்ணோடு கலப்பது. அது குஜராத்தின் கட்ச்சிலிருந்தும் ராஜஸ்தானின் பார்மரிலிருந்தும் ரயிலேறி வரவேண்டும்.

இங்கேதான் தொழிற்சாலைக் கழிவுகள் காட்சிக்கு வருகின்றன. விதியில் 'களிமண்' என்ற சொல்லுக்கு அடுத்து 'அல்லது பக்குவப்படுத்திய மண்' என்றும் இருக்கிறது. எதைச் சேர்த்துப் பக்குவப்படுத்துவது என்று விதி கட்டாயப்படுத்தவில்லை. எண் கிடைக்கிறதா என்பதுதான் கேள்வி.

சாம்பலின் இரு முகங்கள்

முதல் வேட்பாளர் அனல்மின் நிலையச் சாம்பல். இந்திய நிலக்கரியில் சாம்பல் அதிகம். நூறு டன் எரித்தால் முப்பது, நாற்பது டன் மிஞ்சும். 1996-97-ல் நாட்டின் மின் நிலையங்கள் சுமார் 7 கோடி டன் சாம்பலைக் கக்கின. அதில் பத்தில் ஒரு பங்குகூடப் பயன்படவில்லை. 1999 செப்டம்பரில் மத்திய அரசு தலையிட்டது. மின் நிலையத்துக்கு அருகிலுள்ள செங்கல் சூளைகள் சாம்பல் கலந்தே ஆகவேண்டும் என்ற அந்த ஆணையின் ஒரு நோக்கம், மேல்மண்ணைக் காப்பாற்றுவது. அதன் பிறகு சிமென்ட், செங்கல், சாலை, பள்ளம் நிரப்புதல் என்று வழிகள் பெருகின. 2021-22-ல் சாம்பல் சுமார் 27 கோடி டன்னாக உயர்ந்தும், பெரும்பகுதி ஏதோ ஒரு வகையில் பயனுக்குப் போனதாக அரசுக் கணக்கு காட்டுகிறது.

சாம்பல் எப்படித் தண்ணீரைத் தடுக்கும்? தனியாக நின்றால் தடுக்காது. நுண்ணிய கண்ணாடி உருண்டைகளைப் போன்ற துகள்கள் அவை. ஈரமாக்கி ரோலர் ஓட்டினாலும் இடையில் சந்துகள் இருக்கும். விதி கேட்கும் எண்ணைவிடப் பத்து மடங்கு, நூறு மடங்கு வேகத்தில் நீர் இறங்கும். ஆனால் சுண்ணாம்பு சேர்ந்தால் கதை மாறுகிறது. சாம்பலில் உள்ள சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடும் நீரோடும் வினைபுரிந்து, சிமென்ட்டில் உருவாவதைப் போன்ற பசையை உண்டாக்குகின்றன. அந்தப் பசை சந்துகளை அடைக்கிறது. நாளாக ஆக அடுக்கு இறுகி, ஊடுருவும் வேகம் இறங்கும். சுண்ணாம்பும் சுட்ட செங்கல் தூளும் சேர்த்துத் தளத்தில் நீர் கசியாமல் பூசிய நம் பழைய கொத்தனார்கள் பயன்படுத்தியதும் இதே வேதியியல்தான்.

பிரேசர் டவுனிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில், இந்திய அறிவியல் கழகத்தின் சிவில் பொறியியல் துறையில் பேராசிரியர் பி.வி. சிவபுல்லையாவும் அவரோடு பணியாற்றியவர்களும் இதை நீண்ட காலம் ஆராய்ந்தார்கள். குப்பைக் கிடங்கின் நீர்த்தடுப்பாகச் சாம்பல் எவ்வளவு தகுதியானது என்ற அவர்களது ஆய்வு 2004-ல் வெளியானது. சுண்ணாம்பு, ஜிப்சம், பெண்டோனைட் ஆகியவற்றை வெவ்வேறு அளவில் கலந்து அவர்கள் பார்த்தவற்றிலிருந்து முக்கியமாகத் தெரிந்தது, சாம்பல் என்ற பெயரில் ஒரே பொருள் இல்லை என்பது. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரிச் சாம்பலில் சுண்ணாம்பு இயற்கையிலேயே அதிகம். தண்ணீர் பட்டால் தானே இறுகும். ராய்ச்சூரின் சாம்பலுக்குச் சுண்ணாம்பை வெளியிலிருந்து கொடுக்க வேண்டும். ஒரே மின் நிலையத்தில்கூடப் புகைபோக்கி வடிகட்டியில் உலர்ந்து சேரும் சாம்பல் வேறு, தண்ணீரோடு குளத்துக்கு அனுப்பப்பட்டுப் பல ஆண்டு கிடந்த சாம்பல் வேறு. உலர்ந்த நல்ல சாம்பலைச் சிமென்ட் ஆலைகள் காசு கொடுத்து வாங்கிப் போகின்றன. கேட்பாரற்றுக் கிடப்பது பெரும்பாலும் குளத்துச் சாம்பல். வினைபுரியும் வேகம் அதற்குக் குறைவு.

தூரமும் ஒரு தடை. கர்நாடகத்தின் பெரிய அனல்மின் நிலையங்கள் ராய்ச்சூரிலும் பெல்லாரி அருகே குடத்தினியிலும் இருக்கின்றன. ராய்ச்சூர் பெங்களூரிலிருந்து சாலை வழியே ஏறக்குறைய 400 கி.மீ. 24,000 லோடுகளை அங்கிருந்து லாரியில் கொண்டுவருவது, டீசல் கணக்கைப் பார்த்தால் புத்திசாலித்தனமாகத் தெரியாது. சரக்கு ரயில் வந்தால்தான் கணக்கு உதைக்காது.

ஸ்வீடனில் இரும்புக் கசடு

இரண்டாவது வேட்பாளர், இரும்பாலை உலைகளில் மிஞ்சும் கசடு. ஐரோப்பாவில் 1999-ல் குப்பைக் கிடங்குகளுக்கான சட்டம் கடுமையானபோது, பல பழைய கிடங்குகள் மூடப்பட்டன. மூடுவதற்கு மலை மலையாக மண் தேவைப்பட்டது. ஸ்வீடனின் லூலியோ தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உருக்காலைகள் தாங்களே குப்பையாகக் கொட்டிக்கொண்டிருந்த இரண்டு வகைக் கசடுகளைக் கலந்து மூடியாக்க முனைந்தார்கள். 2010-ல் வெளியான அவர்களது முடிவின்படி, களத்தில் 70 செ.மீ. கனத்தில் போட்ட கசடு அடுக்கு ஸ்வீடன் விதித்த வரம்புக்குள் நின்றது. ஆண்டுக்குச் சதுர மீட்டருக்கு 50 லிட்டருக்கு மேல் நீர் இறங்கக்கூடாது என்பது அந்த வரம்பு. போட்டது வழக்கமான சாலை இயந்திரங்களைக் கொண்டுதான்.

ஆனால் ஆய்வில் ஒரு எச்சரிக்கையும் இருந்தது. கசடில் தண்ணீர் கலந்த பிறகு அதை உடனே உருட்டி இறுக்க வேண்டும். 24 மணி நேரம் தாமதித்தால் கலவை பாதி வழியிலேயே இறுகத் தொடங்கி, ரோலருக்கு மசியாமல் போய், நீர் ஊடுருவும் வேகம் கூடிவிடுகிறது. சிமென்ட் குழைத்து மறுநாள் பூச நினைக்கும் கொத்தனாருக்கு நேர்வது இங்கேயும் நேரும். ரோலர் பழுதானாலும், தொழிலாளர்கள் விடுமுறையில் போனாலும், பணம் வராமல் ஒப்பந்தக்காரர் வேலையை நிறுத்தினாலும் அடுக்கு ஓட்டையாகும். வெளியில் பார்த்தால் கல் போல உறுதியாகவே தெரியும்.

காகித ஆலைச் சேறு மூன்றாவது. காகிதத்துக்கு வழவழப்பு தரச் சேர்க்கும் வெள்ளைக் களிமண்ணும், உடைந்த மரநாரும் கலந்த கூழ் இது. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் 1990-களில் களிமண்ணுக்குப் பதிலாக இதைக் கிடங்குகளின் மேல் பரப்பினார்கள். முதலில் ஈரச்சோறு போல இருக்கும் இந்தச் சேறு, மேலே மண்பாரம் ஏறியதும் நீரை வெளியேற்றி இறுகுகிறது. காலம் போகப் போக நீர் ஊடுருவுவது குறைகிறது. வளைந்து கொடுக்கும் தன்மை இதன் சிறப்பு.

வளைந்து கொடுப்பது இந்தியாவுக்கு முக்கியம். ஈரக்குப்பை அழுகும்போது மேடு கீழே இறங்கும். அதுவும் ஒரே சீராக இறங்காது, ஒரு பக்கம் அதிகமாகவும் ஒரு பக்கம் குறைவாகவும் அமுங்கும். சிமென்ட் போல இறுகிய சாம்பல் அடுக்கோ கசடு அடுக்கோ அதன் மேல் இருந்தால் விரிசல் விடலாம். ஒரு விரல் அகல விரிசல் போதும், மொத்தக் கணக்கும் பொய்யாக. அதனால் இறுகும் பொருட்களை அசையாத அடித்தளத்துக்கும், நெகிழும் பொருட்களை அமுங்கும் மேல்பரப்புக்கும் வைப்பது அறிவுக்கு உகந்தது. மேலே கசடு போட்டே தீரவேண்டும் என்றால், மேடு அமுங்கி ஓயும் வரை தற்காலிக மூடியோடு காத்திருக்க வேண்டும்.

மூடியே விஷமானால்?

கழிவைக் கழிவால் அடைப்பதை நினைத்துச் சந்தோஷப்படுவதற்கு முன், எண்ணூரை நினைத்துக்கொள்வது நல்லது. வடசென்னையில் அனல்மின் நிலையக் குழாய்களிலிருந்து கசிந்த சாம்பல், எண்ணூர்க் கழிமுகத்தை மேடாக்கி மீனவர்களின் பிழைப்பைக் கெடுத்தது. தூத்துக்குடி மாவட்டத்தில் உப்பாற்றங்கரையில் கொட்டப்பட்ட செப்புக் கசடும் 'பள்ளம் நிரப்புதல்' என்ற பெயரில்தான் போனது. வெள்ளம் வந்தபோது அது ஆற்றை அடைத்ததாகக் குற்றச்சாட்டு எழுந்து, வழக்குவரை போனது.

சாம்பலில் ஆர்சனிக், குரோமியம், செலினியம், போரான் போன்றவை சிறிய அளவில் உண்டு. சுண்ணாம்போடு இறுகிய அடுக்கில் பல உலோகங்கள் சிறைப்படுகின்றன என்பது உண்மை. ஆனால் எல்லாம் அல்ல. ஆர்சனிக், செலினியம், குரோமியத்தின் சில வடிவங்கள் காரத்தன்மையுள்ள நீரிலும் கரைந்து நகரக்கூடியவை. எனவே எந்த ஆலையின் எந்தச் சாம்பல், எந்தக் கசடு என்று மாதிரி எடுத்து, தண்ணீரில் மட்டுமன்றிக் கசிவுநீரிலும் ஊறவைத்துப் பார்க்காமல் பயன்படுத்தினால், கிராமத்தின் நிலத்தடி நீருக்கு ஒன்றுக்குப் பதில் இரண்டு எதிரிகள். காய்ந்த சாம்பலைக் காற்றில் பரப்பினால் முதலில் மூச்சுத் திணறுவது அங்கே வேலை செய்யும் தொழிலாளர்கள். நனைத்துத்தான் கையாள வேண்டும்.

பணக் கணக்கிலும் ஆபத்து இருக்கிறது. களிமண்ணை ஒப்பந்தக்காரர் காசு கொடுத்து வாங்குகிறார். அதனால் 60 செ.மீட்டருக்கு மேல் ஒரு கூடைகூடப் போடமாட்டார். கழிவை அகற்றுவதற்கோ ஆலைதான் அவருக்குக் காசு கொடுக்கும். அங்கே எவ்வளவு அதிகம் கொட்டுகிறாரோ அவ்வளவு லாபம். 60 செ.மீ. மூடி என்று தொடங்கி மூன்று மீட்டர் சாம்பல் மேடாக முடிய எல்லாத் தூண்டுதலும் இருக்கிறது. காகிதத்தில் அது 'கழிவின் மறுபயன்பாடு' என்றே பதிவாகும்.

வேறுபாட்டைக் காட்ட வழி இல்லாமல் இல்லை. போடும் ஒவ்வொரு அடுக்கின் கனம், ஈரம், இறுக்கம் மூன்றையும் அன்றன்றே அளக்க வேண்டும். சோதனைக்கூடத்தில் குழாய்க்குள் வைத்துச் சோதித்த துண்டு எப்போதும் நல்ல பிள்ளை. களத்தில் பத்து மீட்டர் சதுரத்தில் ஒரு மாதிரித் தளம் போட்டு, மேலே தண்ணீர் நிறுத்தி, எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்தால்தான் உண்மை தெரியும். மூடிய பிறகும் வேலை முடிவதில்லை. கிடங்கின் எல்லையிலிருந்து 50 மீட்டருக்குள் நிலத்தடி நீரைத் தொடர்ந்து சோதிக்கவும், மூடிய இடத்தைக் குறைந்தது 15 ஆண்டுகள் பராமரிக்கவும் வேண்டும் என்று 2000-ஆம் ஆண்டு விதிகளே சொல்லிவிட்டன.

குவாரியின் பிரச்சினை

பெங்களூரின் வடகிழக்குக் குவாரிகளில் இவையெல்லாம் இன்னும் கடினம். கல் உடைத்த பள்ளத்துக்குச் செங்குத்தான சுவர். அடியிலும் பக்கத்திலும் பாறை, அதில் வெடி வைத்ததால் உண்டான பிளவுகள். பிளவு வழியாக நீர் எந்தப் பக்கம் எவ்வளவு தூரம் போகும் என்று ஊகிப்பது சிரமம். செங்குத்துச் சுவரில் ரோலர் ஏறாது. எனவே அங்கே சுவரை ஒட்டிப் படிப்படியாகத்தான் அடைப்பை எழுப்ப முடியும். அதுவும் முதல் லாரி குப்பை விழுவதற்கு முன் அடித்தளம் முடிந்திருக்க வேண்டும். குப்பை விழுந்த பிறகு அதற்கு அடியில் எந்தச் சாம்பலையும் எந்தக் களிமண்ணையும் செருக முடியாது. அடிப்பாய் இல்லாத பழைய மேடுகளுக்கு மிஞ்சுவது இரண்டே வழி. மேலே நல்ல மூடி போட்டு மழையை நிறுத்துவது, அல்லது மேட்டையே தோண்டிச் சலித்துப் பிரித்து அகற்றுவது.

இரண்டாவது வழியைத்தான் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் ஊக்குவித்தது. பயோமைனிங் என்று இதற்குப் பெயர். சென்னையில் பெருங்குடியும் கொடுங்கையூரும் இந்த வழியில் இறங்கின. மேடு கரைந்து நிலம் மீள்வது உண்மையான லாபம்தான். ஆனால் சலித்த பிறகும் எதற்கும் உதவாத ஒரு பங்கு மிஞ்சுகிறது. அதைப் போட ஓர் இடம் வேண்டும், அந்த இடத்துக்கு அடியில் ஒரு பாய் வேண்டும். களிமண்ணா, சாம்பலா என்ற கேள்வி அங்கேயும் வந்து நிற்கும்.

சாம்பலுக்கும் கசடுக்கும் வெளியே, பெங்களூருக்குப் பக்கத்திலேயே கிடைக்கும் கழிவுகளும் உண்டு. கட்டட இடிபாடு, ஜல்லிக் கிரஷர்களின் தூள், கிரானைட் அறுக்கும்போது வரும் சேறு, கழிவுநீர் நிலையங்களின் சேறு. இவை தனியாக நீரை அடைக்கும் பொருட்கள் அல்ல. ஆனால் அன்றாடம் குப்பையின் மேல் 10 செ.மீ. கனத்துக்குப் பரப்ப இடிபாட்டுத் தூளை விதிகளே அனுமதித்தன. மழைநீர் வடியும் அடுக்குக்குச் சலித்த ஜல்லி போதும். உயர்ந்த களிமண்ணையும் தூரத்திலிருந்து வரும் சாம்பலையும் அடைக்கும் அடுக்குக்கு மட்டும் ஒதுக்கினால், லோடு கணக்கு வெகுவாக இறங்கும்.

மாஸ்க் ரோட்டுக்குத் திரும்பினால்

இந்தக் கதையில் பிரேசர் டவுனின் பங்கு காலை ஆறரை மணிக்கே தொடங்கிவிடுகிறது. கசிவுநீரின் முக்கால் விஷயம் ஈரக்குப்பைதான். அது தனியாகப் பிரிந்து உரமாகவோ எரிவாயுவாகவோ போய்விட்டால், குவாரிக்குச் செல்லும் மிச்சம் அவ்வளவாக அழுகாது, அமுங்காது. மூடி விரிசல் விடும் பயமும் குறையும். சாம்பல் அடுக்கு தாக்குப்பிடிக்க வேண்டுமானால், பிரியாணித் தட்டும் பிளாஸ்டிக் பையும் ஒரே கூடையில் விழாமல் இருக்க வேண்டும். 2015 டிசம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் 'இரண்டு கூடை, ஒரு பை' என்ற முறையைப் பெங்களூருக்குக் கட்டாயமாக்கியதன் பொருளும் இதுதான். பச்சைக் கூடையில் ஈரம், சிவப்புக் கூடையில் சுகாதாரக் கழிவு, பையில் உலர்ந்தவை. வீட்டில் பிரித்ததை லாரியில் ஒன்றாகக் கொட்டுகிறார்கள் என்ற புகார் அன்று முதல் ஓயவில்லை.

2025 செப்டம்பரில் பெங்களூரின் மாநகராட்சி ஐந்தாகப் பிரிந்தது. ஐந்து மாநகராட்சிகளுக்கும் குப்பை உண்டு, கொட்ட இடம் மட்டும் ஐந்து மடங்கு ஆகிவிடவில்லை. அடுத்த குவாரி, அடுத்த கிராமம் என்று தேடல் தொடரும். அந்தத் தேடலில் ஒரு நாள் யாராவது ஓர் அதிகாரி, சாம்பலாலோ கசடாலோ அடைத்துத் தருகிறோம், பயப்படாதீர்கள் என்று கிராமத்தாரிடம் சொல்லக்கூடும். அதைக் கேட்ட உடனே எதிர்க்க வேண்டியதில்லை, நம்பிவிடவும் வேண்டியதில்லை. அவர்கள் மூன்று காகிதங்களைக் கேட்கலாம். இந்தச் சாம்பலிலிருந்து கசிவுநீரில் என்ன கரைகிறது என்ற சோதனை முடிவு, களத்தில் போட்ட மாதிரித் தளத்தில் ஆண்டுக்கு எத்தனை லிட்டர் இறங்கும் என்ற அளவு, முதல் லாரி வருவதற்கு முன் சுற்றுவட்டார ஆழ்துளைக் கிணறுகளில் எடுத்த தண்ணீரின் பரிசோதனைச் சீட்டு.

மூன்றாவது சீட்டு மிக மலிவானது, மிக முக்கியமானதும்கூட. அது கையில் இல்லாததால், எங்கள் தண்ணீர் முன்பு நன்றாக இருந்தது என்று ஊர்க்காரர்கள் சொல்வதை நிரூபிக்க முடியாமல் போகிறது. மாஸ்க் ரோடு சுத்தமாகிவிட்டதா என்று எட்டு மணிக்கே தெரிந்துவிடும். குவாரிக்குப் பக்கத்து வீட்டில் அதைத் தெரிந்துகொள்ள, பதினைந்து ஆண்டுகள் ஒவ்வொரு பருவத்திலும் ஒரு பாட்டில் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்ப வேண்டியிருக்கும்.